வயசான பேஸ்பால் வீரருக்கு ஹால் ஆஃப் ஃபேமில் இடம் உண்டா? நான் கணக்குப் போடும் விதம்

2025 ஜூலையில் ஒரு ராத்திரி. டிவியில் சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் ஆட்டம். பந்து வீசுவது ஜஸ்டின் வெர்லாண்டர், வயது 42, மூன்று முறை சை யங் விருது (லீக்கின் சிறந்த பிட்ச்சருக்கு, அதாவது பந்து வீசுகிறவருக்கு, வருஷாவருஷம் தருவது) வாங்கினவர், ஜூலை பிறந்தும் அந்த சீசனில் அவர் பெயரில் ஒரு வெற்றி கூட எழுதப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த நண்பன், “இந்த மனுஷன் ஏன் இன்னும் ஆடிக்கிட்டு இருக்காரு, இருக்கிற பேரையும் கெடுத்துக்கப்போறாரு” என்றான். கடைசியில் வெர்லாண்டர் அந்த சீசனை 4 வெற்றி, 11 தோல்வி என்று முடித்தார்.

பேர் கெடாது. அதைத்தான் முதலில் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற கணக்கெல்லாம் அப்புறம். வில்லி மேஸ் 1973-ல், 42 வயதில், நியூயார்க் மெட்ஸ் அணிக்காக .211 அடித்தார் (ஆயிரம் வாய்ப்புக்கு 211 ஹிட், அதாவது பேஸை எட்டிய அடி; .300 என்றால்தான் நல்லது), அந்த வருஷ உலகத் தொடரில், அதாவது இறுதித் தொடரில், பந்தைத் துரத்தப்போய்த் தடுமாறி விழுந்தார். அந்தக் காட்சியை இன்றும் எடுத்துக்காட்டி ‘எப்போது ஓய்வு பெறவேண்டும்’ என்று பாடம் நடத்துகிறவர்கள் உண்டு. ஆனால் 1979-ல் அவர் பெயர் ஹால் ஆஃப் ஃபேம் (ஆட்டத்தின் மகத்தானவர்களுக்கான மரியாதை மண்டபம்) வாக்குச்சீட்டில் வந்தபோது 432 பேரில் 409 பேர் அவருக்குப் போட்டார்கள். விழுந்ததை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. (அந்த 23 பேர் எதைக் கணக்கில் எடுத்தார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.)

சரி, விதிகளை வேகமாகப் பார்த்துவிடலாம். நியூயார்க் மாநிலத்தில் கூப்பர்ஸ்டவுன் என்ற சின்ன ஊரில் இருக்கிறது அந்த ஹால் ஆஃப் ஃபேம். முதல் தேர்தல் 1936-ல்; கட்டடம் திறந்தது 1939-ல். குறைந்தது 10 சீசன் ஆடியிருக்கவேண்டும், ஓய்வு பெற்று 5 வருஷம் ஆகியிருக்கவேண்டும். வாக்குப் போடுகிறவர்கள் பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்தில் தொடர்ந்து 10 வருஷம் உறுப்பினராக இருந்த பத்திரிகையாளர்கள். ஒருவர் ஒரு வருஷத்தில் அதிகபட்சம் 10 பேருக்குப் போடலாம். 75 சதவீதம் கிடைத்தால் உள்ளே. 5 சதவீதத்துக்குக் கீழே போனால் பட்டியலிலிருந்தே தூக்கிவிடுவார்கள். நடுவில் இருப்பவர்கள் 10 வருஷம் வரை காத்திருக்கலாம். அதிலும் கிடைக்காவிட்டால் பின்வாசல் ஒன்று உண்டு, 16 பேர் கொண்ட குழு, அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இப்போது 2018 வாக்கெடுப்பிலிருந்து இரண்டு பெயர்கள். என் முறை முழுக்க இந்த இரண்டு பேரிடமிருந்துதான் வந்தது.

ஒருவர் ஜேமி மோயர். 25 சீசன், 269 வெற்றி, 49 வயதில் கூட ஓர் ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தவர், பேஸ்பால் வரலாற்றில் அந்த வயதில் வேறு யாரும் அதைச் செய்ததில்லை. இன்னொருவர் ஜோஹான் சந்தானா. 139 வெற்றிதான். ஆனால் 2004, 2006 இரண்டு வருஷமும் சை யங் விருது, மூன்று முறை லீக்கிலேயே மிகக் குறைந்த ஈ.ஆர்.ஏ. (ஒன்பது இன்னிங்ஸுக்குப் பிட்ச்சர் விட்டுக்கொடுக்கும் ரன், குறைந்தால் நல்லது), 2012 ஜூன் 1 அன்று 134 பந்து வீசி மெட்ஸ் அணியின் வரலாற்றிலேயே முதல் நோ-ஹிட்டர் (எதிரணிக்கு ஒரு ஹிட் கூடக் கொடுக்காத ஆட்டம்), அதோடு தோள்பட்டை போய்விட்டது. அந்த வருஷம் ஆகஸ்ட்டுக்குப் பிறகு அவர் பெரிய லீக்கில் ஆடவே இல்லை.

இருவருக்கும் கிடைத்த வாக்கு? ஆளுக்குப் பத்து. 422 பேரில் பத்து. 2.4 சதவீதம். இரண்டு பேரும் முதல் வருஷத்திலேயே வெளியே.

மோயருக்கு நடந்தது நியாயம், சந்தானாவுக்கு நடந்தது அநியாயம் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்வதுதான் இந்தக் கட்டுரை.

ஒரு ஆட்டக்காரரின் வாழ்க்கையை நான் அசல், வட்டி என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வேன். அசல் என்பது அவருடைய மிகச் சிறந்த ஏழு வருஷம். அது அடுத்தடுத்து வரவேண்டும் என்று இல்லை, எங்கேயிருந்து வேண்டுமானாலும் பொறுக்கிக்கொள்ளலாம். வட்டி என்பது மற்றதெல்லாம்: அரும்பு மீசைக் காலத்துத் தொடக்க வருஷங்கள், முப்பத்தைந்துக்குப் பிறகு முட்டிக்குப் பட்டை கட்டிக்கொண்டு சேர்த்த எண்கள். வயசான ஆட்டக்காரரைப் பார்க்கும்போது நாம் ஏமாறுவது இங்கேதான். அவர் தினமும் டிவியில் வருகிறார், எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது, ஒவ்வொரு வாரமும் வர்ணனையாளர் ‘இன்னாரைத் தாண்டிவிட்டார்’ என்கிறார், நமக்கும் ஏதோ பெரிதாக நடப்பது போலத் தோன்றுகிறது. ஏறுவது வட்டி மட்டும்தான். அசல் பத்து வருஷத்துக்கு முன்பே முடிவாகிவிட்டது.

இது நான் கண்டுபிடித்ததில்லை. ஜே ஜாஃபி என்ற எழுத்தாளர் ‘ஜாஸ்’ என்று ஓர் அளவுகோலை உண்டாக்கினார். மொத்த வாழ்க்கையின் வார் மதிப்பு ஒரு பக்கம், சிறந்த ஏழு வருஷத்தின் வார் மதிப்பு இன்னொரு பக்கம், இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் அவ்வளவுதான். ‘வார்’ என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஒரு ஆள் இல்லாமல் போனால், கீழ் லீக்கிலிருந்து அவசரத்துக்குக் கூட்டிவரும் ஒரு சாதாரண மாற்று ஆளை அந்த இடத்தில் நிறுத்தினால், அணி எத்தனை வெற்றி குறைவாகப் பெறும் என்பதன் கணக்கு. அடிப்பது, ஓடுவது, பந்தைத் தடுப்பது, நிற்கும் இடம் எல்லாம் அதில் சேரும். 2 என்றால் ஒரு சீசனுக்குப் பரவாயில்லை, 5 என்றால் நட்சத்திரம், 8-ஐத் தொட்டால் அந்த வருஷத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் (எம்.வி.பி.) விருதுக்குப் பேச்சு அடிபடும்.

கூப்பர்ஸ்டவுனில் இருக்கும் தொடக்கப் பிட்ச்சர்களின் சராசரி ஜாஸ் 60-க்குக் கொஞ்சம் மேலே. கேட்ச்சர்களுக்கு (அடிக்கிறவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிப்பவர்கள்) 44 அளவில். இந்த வித்தியாசம் முக்கியம், பின்னால் வருகிறது.

இப்போது கையோடு ஒருவரைப் பார்த்துவிடலாம். பேஸ்பால்-ரெஃபரன்ஸ் தளத்தில் பிட்ச்சர் ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸின் பக்கத்தைத் திறந்துகொள்ளுங்கள். முதலில் எண்களைப் படிக்காதீர்கள், தடித்த எழுத்துகளை மட்டும் தேடுங்கள். எந்த எண் தடித்திருக்கிறதோ அதில் அந்த வருஷம் லீக்கிலேயே முதலிடம் என்று அர்த்தம். இதைத்தான் பேஸ்பால் புள்ளிவிவர எழுத்தாளர் பில் ஜேம்ஸ் ‘கறுப்பு மை’ என்றார். பக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தால் கறுப்பு எங்கே திட்டுத்திட்டாக விழுந்திருக்கிறது என்று கண்ணுக்கே தெரியும். ஃபீலிக்ஸுக்கு 2009-லிருந்து 2014 வரை விழுந்திருக்கிறது.

2010 வரிசையில் நிறுத்துங்கள். 13 வெற்றி, 12 தோல்வி. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு மட்டுமில்லை, பழைய பேஸ்பால் எழுத்தாளர்களுக்கும் இது ஒரு சாதாரண பிட்ச்சரின் எண்ணாகத்தான் தெரியும். பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள்: ஈ.ஆர்.ஏ. 2.27, தடித்த எழுத்தில். 249 இன்னிங்ஸுக்கு மேல் வீசியிருக்கிறார், அதுவும் தடித்த எழுத்தில். அப்புறம் எப்படி 12 தோல்வி? அந்த வருஷம் சியாட்டில் மரினர்ஸ் அணி மொத்தமே 513 ரன்தான் எடுத்தது, 101 ஆட்டத்தில் தோற்றது. பிட்ச்சர் என்ன செய்வார், அவரே மட்டையைத் தூக்கிக்கொண்டு போகமுடியுமா? அந்தப் பதின்மூன்று வெற்றிக்கு அவருக்கு சை யங் விருதைக் கொடுத்தார்கள். வெற்றி எண்ணிக்கையின் மதிப்பு சரியத் தொடங்கியதற்கு அந்தத் தீர்ப்பு ஓர் அடையாளம்.

இப்போது கீழே இறங்குங்கள். 2019 வரிசை: 1 வெற்றி, 8 தோல்வி, ஈ.ஆர்.ஏ. 6.40. வயது 33. அதோடு சரி. மொத்தம் 169 வெற்றி, வார் சுமார் 50. 19 வயதில் வந்தவர் கை, முப்பதைத் தாண்டியதும் தேய்ந்துபோனது. வட்டி என்று சொல்லிக்கொள்ள எதுவுமே இல்லை. அசல் மட்டும் இருக்கிறது. அது போதுமா?

எனக்கு இழுபறிதான். சாண்டி கோஃபாக்ஸுக்கு 165 வெற்றி, ஃபீலிக்ஸைவிட நான்கு குறைவு, 30 வயதில் முழங்கை வாதத்தால் நிறுத்திக்கொண்டார், முதல் வருஷத்திலேயே உள்ளே போனார். ஆனால் கோஃபாக்ஸின் கடைசி ஐந்து வருஷமும் ஈ.ஆர்.ஏ.வில் அவர்தான் முதலிடம், ஐந்தும் வரிசையாக. கடைசி சீசனில் 27 வெற்றி, 1.73. உச்சியில் நின்றுகொண்டே இறங்கிப் போனவர். ஃபீலிக்ஸின் உச்சி அவ்வளவு உயரம் இல்லை. ஆனாலும் வாக்காளர்கள் மனசு மாறுகிறது: 2025-ல் 20.6 சதவீதமாக இருந்தவர் 2026-ல் 46 சதவீதத்தைத் தொட்டுவிட்டார். சந்தானாவை முதல் வருஷத்திலேயே துரத்திய அதே கூட்டம்தான் இது. இப்போதைய பிட்ச்சர்கள் முன்போல ஒன்பது இன்னிங்ஸும் வீசுவதில்லை, வெற்றிக் கணக்கு யாருக்குமே சேரப்போவதில்லை என்பது எல்லோருக்கும் உறைக்க ஆரம்பித்திருக்கிறது.

இதை ஒட்டி ஒரு வார்த்தை. 300 வெற்றி, 3000 ஹிட், 500 ஹோம் ரன் என்ற மூன்று மைல்கல்லையும் ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. 3000 ஹிட் அடிக்க ஒருவர் சுமார் இருபது வருஷம் ஒழுங்காக ஆடியிருக்கவேண்டும், அப்படி ஆடுகிறவர் பெரும்பாலும் அசலும் உள்ளவராகத்தான் இருப்பார். ஆனால் கோட்டுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று தலைவிதி எழுதுவது அபத்தம். பிட்ச்சர் ஜாக் கிரெய்ங்கி 2979 ஸ்ட்ரைக்-அவுட்டோடு (அடிக்க விடாமல் மூன்று ஸ்ட்ரைக்கில் ஆளை வெளியேற்றுவது) நின்றுவிட்டார், 3000-க்கு 21 குறைவு. இரண்டு மூன்று நல்ல ராத்திரி வேலை. அந்த 21 இருந்தால் அவர் வேறு ஆளா? 2009-ல் ஈ.ஆர்.ஏ. 2.16, 2015-ல் 1.66 என்று வீசியவருக்கு 21 ஸ்ட்ரைக்-அவுட் எதற்கு? 300 வெற்றியோ செத்தே போய்விட்டது. கடைசியாகத் தொட்டவர் ராண்டி ஜான்சன், 2009-ல். வெர்லாண்டர் 2025 சீசன் முடிவில் 266-ல் நின்றார், அப்போது ஆடிக்கொண்டிருந்தவர்களில் அதுதான் அதிகம். அந்த 266-ஐயும் மோயரின் 269-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்றுதான் வித்தியாசம். வெர்லாண்டர் எழுந்து நின்றாலே உள்ளே போவார், மோயருக்குப் பத்து வாக்கு. எண்ணிக்கை மட்டும் பேசினால் இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். மோயரின் ஈ.ஆர்.ஏ. பிளஸ் 103, அதாவது லீக்கின் சராசரி பிட்ச்சரைவிட மூன்று புள்ளி மேல். 25 வருஷம் சராசரியாக இருப்பது லேசுப்பட்ட காரியமில்லை, நான் கேலி செய்யவில்லை, எனக்கு அந்த மனுஷனை ரொம்பப் பிடிக்கும். சந்தானாவுக்கு 136.

இந்த ‘பிளஸ்’ போட்ட எண்களைப் பழகிக்கொள்ளுங்கள், வயசான ஆட்டக்காரர்களை ஒப்பிட இதைப்போலக் கைகொடுக்கும் கருவி வேறில்லை. 100 என்றால் அந்த வருஷ லீக்கின் சராசரி. மைதானமும் காலமும் ஏற்கெனவே கழித்துக் கொடுக்கப்பட்டிருக்கும். கொலராடோவின் கூர்ஸ் ஃபீல்ட் கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது, காற்று லேசு, பந்து பறக்கும். லாரி வாக்கர் அங்கே .381 அடித்தார், ‘அது மைதானம் அடிச்சது’ என்று வாக்காளர்கள் வருஷக்கணக்காகக் கைவிரித்தார்கள், 2014-ல் 10.2 சதவீதத்துக்கு இறங்கினார். மைதானத்தைக் கழித்த பிறகும் அவருடைய ஓ.பி.எஸ். பிளஸ் (மட்டையால் செய்ததன் கணக்கு) 141. சராசரியைவிட 41 சதவீதம் மேல். 2020-ல், பத்தாவதும் கடைசியுமான வருஷத்தில், 76.6 சதவீதத்தோடு மயிரிழையில் உள்ளே போனார்.

அடுத்து, நிற்கும் இடம். கேட்ச்சர் வேலை மற்ற வேலை மாதிரி இல்லை. ஒரு ஆட்டத்துக்கு நூற்றைம்பது முறை குத்துக்காலிட்டு உட்கார்ந்து எழுந்து, விரலில் அடிபட்டு, முகமூடியில் பந்து பட்டுத் தலை சுற்றி, முப்பது வயதிலேயே முட்டி ஐம்பது வயதுக்காரருடையதாகிவிடும். அதனால்தான் அவர்களுக்கு அளவுகோல் தாழ்வு. பஸ்டர் போஸி 34 வயதில் போதும் என்று வீட்டுக்குப் போய்விட்டார், சரியாக 1500 ஹிட்தான். ஆனால் 2012-ல் எம்.வி.பி., 2010, 2012, 2014 என மூன்று சாம்பியன் மோதிரம், ஓ.பி.எஸ். பிளஸ் 129, சிறந்த ஏழு வருஷத்தைக் கூட்டினால் ஏற்கெனவே உள்ளே இருக்கும் கேட்ச்சர்களின் சராசரியைவிடக் கொஞ்சம் மேலேயே நிற்கிறார். யாடியர் மொலினா நேர் எதிர். 19 சீசன், 2168 ஹிட், ஒன்பது கோல்ட் க்ளவ் (பந்தைத் தடுப்பதற்கான விருது), ஓ.பி.எஸ். பிளஸ் 96. அதாவது மட்டையோடு நின்றால் சராசரிக்கும் கீழே.

அசல்-வட்டிக் கணக்கில் போஸிக்கு ஆம், மொலினாவுக்கு இல்லை. அங்கேதான் என் முறை கொஞ்சம் நொண்டுகிறது, ஒப்புக்கொள்கிறேன். மொலினா பின்னால் உட்கார்ந்திருந்தால் முதல் பேஸில் நிற்கிறவன் இரண்டாவதைத் திருட, அதாவது பந்து அடிபடும் முன்பே அங்கே ஓட, யோசிப்பான், திருடாமல் நின்றதற்கு எந்தக் கட்டத்தில் எண் போடுவது? பந்தை வாங்கும்போது கையை நைசாக உள்ளே இழுத்து, ஸ்ட்ரைக் இல்லாததை ஸ்ட்ரைக் ஆக்கும் வித்தையை ஒரு தளம் கணக்கில் சேர்க்கிறது, இன்னொரு தளம் சேர்ப்பதில்லை. சேர்த்தால் மொலினாவின் வார் பத்துக்கு மேல் ஏறுகிறது. (போஸிக்கும் ஏறுகிறது, அது வேறு.) எனவே கேட்ச்சர் என்றால் ஒரே தளத்தை நம்பாதீர்கள். இரண்டையும் பாருங்கள்.

கடைசிக் காலத்துச் சரிவை எப்படிப் பார்ப்பது? ஆல்பர்ட் புஹோல்ஸ்தான் நல்ல பாடம். செயின்ட் லூயிஸில் முதல் பதினொரு வருஷம், 445 ஹோம் ரன், .328 சராசரி, மூன்று எம்.வி.பி. பிறகு ஏஞ்சல்ஸ் அணி பத்து வருஷத்துக்கு 24 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போனது. அங்கே ஒரு வருஷம் கூட .300 அடிக்கவில்லை, 2017-ல் அவருடைய வார் பூஜ்யத்துக்கும் கீழே, மாற்று ஆளை நிறுத்தியிருந்தாலே தேவலை என்ற நிலை. மொத்தச் சராசரி .296-க்கு இறங்கிவிட்டது. இப்படித்தான் மிக்கி மேன்டிலும் 1968-ல் .237 அடித்து, வாழ்நாள் சராசரி .298 ஆகி, .300-க்குக் குறைந்த அந்த இரண்டு புள்ளிக்காகப் பின்னாளில் வருத்தப்பட்டுக்கொண்டே இருந்தார். சராசரி என்பது வயசானவருக்கு எதிரி. அதனால் வயசானவர்களைப் பார்க்கும்போது வாழ்நாள் சராசரியை முதலில் பார்க்காதீர்கள். புஹோல்ஸ் 31 வயதில் நின்றிருந்தால் உள்ளே போவாரா? எழுதி வைத்துக்கொள்ளுங்கள், போவார். அப்படியென்றால் அதற்குப் பிறகு நடந்தது எதுவும் அவரை வெளியே தள்ளமுடியாது. 2022-ல் 42 வயதில் செயின்ட் லூயிஸுக்கே திரும்பிவந்து 24 ஹோம் ரன் அடித்து 703-ல் முடித்தாரே, அது போனஸ்.

இந்தக் கேள்வியை ஒரு வழக்கமாகவே வைத்துக்கொள்ளுங்கள்: ‘35 வயதில் கால் உடைந்து வீட்டில் உட்கார்ந்திருந்தால், இவர் உள்ளேயா?’ ஆம் என்றால் விவாதம் முடிந்தது. இல்லை என்றால் அடுத்த கேள்வி: அதற்குப் பிறகு அவர் செய்தது உண்மையிலேயே நல்ல ஆட்டமா, அல்லது வெறும் ஆஜரா? டேவிட் ஆர்டிஸ் 2016-ல் 40 வயதில் .315 அடித்து, 38 ஹோம் ரன், 127 ஆர்.பி.ஐ. (அவர் அடியால் வந்த ரன்), லீக்கிலேயே அதிக டபுள் (இரண்டு பேஸ் அடி) என்று அசத்தினார். அது வட்டியில்லை, அசலிலேயே சேரும். பீட் ரோஸ் 1985-ல் டை காப்பின் ஹிட் சாதனையை முறியடித்த வருஷத்தில், முதல் பேஸில் நின்றுகொண்டு, .264 சராசரி, இரண்டே ஹோம் ரன். அணியின் மேலாளரும் அவரே, தன் பெயரைத் தானே ஆட்டப் பட்டியலில் எழுதிக்கொண்டார். வேறு மேலாளர் இருந்திருந்தால் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பார்.

ரோஸ் பெயரை எடுத்துவிட்டதால் ஒழுக்க விவகாரத்தையும் பேசிவிடவேண்டும். ஆட்டத் திறமை, சாதனையோடு நேர்மை, பண்பு எல்லாவற்றையும் பார்க்கச் சொல்கிறது விதி. எழுதியவர்களுக்குச் சுலபம். பேரி பாண்ட்ஸ் 762 ஹோம் ரன், ஏழு எம்.வி.பி.; ரோஜர் க்ளெமென்ஸ் 354 வெற்றி, ஏழு சை யங்; இருவரும் ஊக்கமருந்துப் பேச்சினால் பத்து வருஷமும் நின்று 2022-ல் 66, 65 சதவீதத்தில் வெளியே போனார்கள். ரஃபேல் பால்மெய்ரோ 3020 ஹிட், 569 ஹோம் ரன் இரண்டும் வைத்திருந்தும் 2005 சோதனையில் மாட்டியதால் 2014-ல் 4.4 சதவீதத்தில் மறைந்தே போனார். என் வழி இது: சோதனையும் தண்டனையும் வந்த பிறகு மாட்டியவருக்கு என் வாக்கு இல்லை, ஏனென்றால் விதி தெரிந்தே செய்தார். அதற்கு முந்தைய காலத்துச் சந்தேகத்துக்கு, எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டிருந்த காலத்துக்கு, ஒருவரை மட்டும் தண்டிக்க எனக்கு மனசு வரவில்லை. இதில் நீங்கள் வேறு இடத்தில் கோடு போட்டால் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் கோடு ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், பிடித்த ஆளுக்கு ஒன்று, பிடிக்காதவருக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளாதீர்கள். வயசான பிறகு ஒருவர் திடீரென்று நன்றாக ஆடினால் உடனே சந்தேகப்படுவதும் வேண்டாம். ஆதாரம் இல்லாத சந்தேகம் வம்பளப்பு, அவ்வளவுதான்.

எல்லோரும் விழும் பொறி ஒன்று இருக்கிறது: ‘அவரே உள்ளே இருக்கிறார், இவர் ஏன் கூடாது?’ ஹரால்ட் பெய்ன்ஸ் 2866 ஹிட் அடித்தார், பெரும்பாலும் அடிப்பதற்கு மட்டுமே இறங்குகிறவர், வார் 40-ஐக்கூடத் தொடவில்லை, எழுத்தாளர்கள் அதிகபட்சம் 6.1 சதவீதம்தான் கொடுத்தார்கள். 2018 டிசம்பரில் நான் சொன்ன பின்வாசல் குழு 16-க்கு 12 வாக்கில் உள்ளே அனுப்பிவிட்டது. அன்றிலிருந்து யாரைப் பற்றிப் பேசினாலும் ‘பெய்ன்ஸைவிட இவர் மேல்’ என்ற வாதம் வருகிறது. மேல்தான். பெய்ன்ஸைவிட மேலானவர்களை எல்லாம் உள்ளே விட்டால் கூப்பர்ஸ்டவுனில் இன்னொரு கட்டடம் கட்டவேண்டும். மட்டமான உறுப்பினரோடு ஒப்பிடாதீர்கள், அந்த இடத்தில் ஆடிய நடுவாந்தரமான உறுப்பினரோடு ஒப்பிடுங்கள்.

அப்புறம், இப்போது ஆடுகிறவர்கள், சமீபத்தில் நிறுத்தியவர்கள். க்ளேட்டன் கெர்ஷா: 223 வெற்றி, ஈ.ஆர்.ஏ. 2.53, மூன்று சை யங், 2014-ல் எம்.வி.பி.யும் சேர்த்து, 2025-ல் ஓய்வு. 2031-ல் பெயர் வரும்போது யார் போடாமல் விட்டார்கள் என்பது மட்டும்தான் செய்தி. மேக்ஸ் ஷெர்ஸர்: மூன்று சை யங், 3000 ஸ்ட்ரைக்-அவுட்டுக்கு மேல். 2025-ல் ஈ.ஆர்.ஏ. 5-ஐத் தாண்டி முதுகு வளைந்து போயிருந்தாலும் 41 வயதில் டொரன்டோவுக்காக உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தைத் தொடங்கி வீசினார். உள்ளே. மிகேல் கப்ரேரா: 3174 ஹிட், 511 ஹோம் ரன், 2012-ல் டிரிபிள் கிரவுன் (சராசரி, ஹோம் ரன், ஆர்.பி.ஐ. மூன்றிலும் லீக்கில் முதலிடம்), 45 வருஷத்தில் முதல் ஆள். உள்ளே.

ஆண்ட்ரூ மெக்கட்சன்தான் எனக்கு வலிக்கும் பெயர். பிட்ஸ்பர்க் அணி வரிசையாக இருபது வருஷம் தோற்ற கதையை 2013-ல் முடித்துவைத்தவர், அந்த வருஷம் எம்.வி.பி., முன்னும் பின்னும் மூன்றாமிடம். உச்சி நிஜம். ஆனால் அது ஐந்து வருஷ உச்சி, ஏழில்லை, அதற்குப் பிறகு பத்து வருஷமாகச் சராசரிக்குப் பக்கத்தில் ஆடியது. சென்டர் ஃபீல்டர்களின் அளவுகோலுக்கு நன்றாகவே கீழே நிற்கிறார். பிட்ஸ்பர்க்கில் அவருக்குச் சிலை வைக்கட்டும், நானே மாலை போடுகிறேன். கூப்பர்ஸ்டவுனுக்கு இல்லை.

முடிவு செய்த பிறகு வாக்கெடுப்பு எண்ணைப் பார்த்துப் பதறாதீர்கள். ஸ்காட் ரோலன் முதல் வருஷம் 10.2 சதவீதம், ஆறாவது வருஷம் உள்ளே. பில்லி வாக்னர் 10.5-ல் தொடங்கிப் பத்தாவது வருஷம் உள்ளே. ஒரு சீட்டில் பத்துப் பேருக்குத்தான் இடம், கூட்டம் அதிகமான வருஷத்தில் நல்லவர்கள் கீழே போவார்கள். சந்தானா போனதும் அப்படி ஒரு வருஷத்தில்தான், சிப்பர் ஜோன்ஸும் ஜிம் தோமியும் முதல் முறை நின்ற வருஷம்.

செய்யவேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. தீர்ப்பை ஒரு தாளில் எழுதி, தேதி போட்டு வையுங்கள். நான் வைத்திருக்கிறேன். அதில் பழைய பக்கம் ஒன்றில் ஆண்ட்ரூ ஜோன்ஸ் பெயருக்கு எதிரே ‘இல்லை’ என்று கொட்டை எழுத்தில் எழுதியிருக்கிறேன், காரணமும் எழுதியிருக்கிறேன்: 2008-ல் டாட்ஜர்ஸில் .158 அடித்தார், முப்பதைத் தாண்டியதும் காணாமல் போனார், 2000 ஹிட் கூட இல்லை. அதாவது இந்தக் கட்டுரையில் எதைப் பார்க்காதீர்கள் என்று சொன்னேனோ அதையே பார்த்திருக்கிறேன். வரிசையாகப் பத்து கோல்ட் க்ளவ் வாங்கிய ஆளின் அசலை விட்டுவிட்டு, வட்டி எங்கே என்று கேட்டிருக்கிறேன். 2026-ல் அவர் 78.4 சதவீதத்தோடு உள்ளே போனார். ‘இல்லை’யை அடித்துவிட்டுத் தேதி போட்டேன். அதற்கு இரண்டு பக்கம் தள்ளி மொலினா இருக்கிறார், 2028-ல் பெயர் வரும், அங்கே பென்சிலில்தான் எழுதியிருக்கிறேன்.